காற்றில் மிதக்கும் உயிர்த்துகள்களை ஒளிர்வைக் கொண்டு எண்ணுவது எப்படி?

புதிதாகச் சேரும் மாணவர்கள் கருவியை இயக்கிய ஐந்தாவது நிமிடத்தில் திரையைப் பார்த்துக் கேட்கும் கேள்வி ஏறக்குறைய ஒன்றேதான்: "இத்தனையும் பாக்டீரியாவா?" திரையில் புள்ளிகள் பொரி பொரிவதுபோலத் தெறித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு துகள். அவற்றில் சில நிறத்தோடு தெரியும். புற ஊதா ஒளி பட்டதும் பதிலுக்கு ஒளிர்ந்தவை அவை. அந்த நிறப்புள்ளியைக் காட்டி "இது உயிர்த்துகள்", அதாவது பாக்டீரியா, பூஞ்சை வித்து, மகரந்தம் போன்ற ஒன்று, என்று சொல்லும் உரிமை நமக்கு உடனே கிடைத்துவிடுவதில்லை. கருவி எண்ணுவது ஒளிர்வை மட்டுமே. ஒளிர்வுக்கும் உயிருக்கும் நடுவே இருக்கும் தூரத்தை நாம்தான் படிப்படியாகக் கடக்க வேண்டும்.

ஆஸ்துமாவுக்கும் பூஞ்சை வித்துகளுக்கும் உள்ள தொடர்பைத் தேடும் மருத்துவ மாணவர், மேகங்கள் உருவாவதில் உயிர்த்துகள்களின் பங்கை ஆராய்பவர், பயிர் நோய் பரவுவதை முன்கூட்டியே அறிய நினைக்கும் வேளாண் ஆய்வாளர் என்று பலரும் இந்தக் கருவிகளுக்கு வந்து சேர்கிறார்கள். ஆய்வகங்களில் அதிகம் புழங்கும் விப்ஸ் (WIBS) என்ற கருவியை மையமாக வைத்து எழுதுகிறேன். வேறு கருவி உங்களிடம் இருந்தாலும் பெரும்பாலான படிகள் பொருந்தும்.

1. முதலில் உங்கள் கண்ணால் பாருங்கள்

கருவியைத் தொடும் முன் ஒரு மாலைப் பொழுதை இதற்கு ஒதுக்குங்கள். 365 நானோமீட்டர் என்று அச்சிட்ட புற ஊதா டார்ச் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். நான்கு பொருள்களை மேசையில் வையுங்கள்: தண்ணீரில் கரைத்த பி-காம்ப்ளெக்ஸ் மாத்திரை, சானிடைசரில் கலக்கிய ஒரு சிட்டிகை மஞ்சள்தூள், அதே சானிடைசரில் கசக்கி வடிகட்டிய கீரைச் சாறு, சோப்புத்தூளில் துவைத்த வெள்ளை வேட்டி. அறை விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பிடியுங்கள்.

மாத்திரைக் கரைசல் பச்சை கலந்த மஞ்சளாக எரியும். அதிலுள்ள ரிபோஃப்ளேவின், அதாவது வைட்டமின் பி2, செய்யும் வேலை அது. மஞ்சள்தூளிலும் அதே சாயல் தெரியும். பகலில் பச்சையாக இருந்த கீரைச் சாறு இரத்தச் சிவப்பாக மாறும். அது பச்சையத்தின் ஒளிர்வு. வேட்டியோ நீலம் பாய்ந்த வெண்மையில் மற்ற மூன்றையும்விட அதிகமாகப் பளீரிடும். முதல் மூன்றிலும் ஒளிர்வது உயிருலகம் அறிந்த பொருள்கள். நான்காவது, துணியை வெளுப்பாகக் காட்டுவதற்காகச் சோப்புத்தூளில் சேர்க்கும் வேதிப்பொருள். இந்த வேட்டியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மறுபடியும் வரும்.

டார்ச்சை யார் கண்ணிலும் அடிக்காதீர்கள். கிருமி கொல்லும் 254 நானோமீட்டர் விளக்கை இதற்குப் பயன்படுத்தவே கூடாது. தோலையும் கண்ணையும் அது சுட்டுவிடும்.

2. எது ஒளிர்கிறது, எதற்கு

ஒரு பொருள் குறைந்த அலைநீள ஒளியை விழுங்கி, அதைவிட நீண்ட அலைநீளத்தில் உடனே திருப்பி உமிழ்வதுதான் உடனொளிர்வு. உயிரணுக்களில் மூன்று பொருள்களைத் தெரிந்துகொண்டால் தொடங்குவதற்குப் போதும். புரதங்களில் இருக்கும் டிரிப்டோஃபேன் 280 நானோமீட்டர் அருகே ஒளியை வாங்கி 350 அருகே தருகிறது. உயிரணுவின் ஆற்றல் பரிமாற்றத்தில் பங்கேற்கும் என்ஏடிஎச் 340 அருகே வாங்கி 450-ஐ ஒட்டித் தருகிறது. ரிபோஃப்ளேவின் 370 அருகிலும் 450 அருகிலும் வாங்கி 530-ஐ ஒட்டித் தருகிறது.

அளவுகளையும் மனத்தில் பதித்துக்கொள்ளுங்கள். பாக்டீரியா ஏறக்குறைய ஒரு மைக்ரான், அதாவது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. பூஞ்சை வித்துகள் பெரும்பாலும் 2 முதல் 10 மைக்ரான். மகரந்தம் 10 முதல் 100 மைக்ரான். தனி வைரஸ் ஒரு மைக்ரானில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அது இந்தக் கருவிகளின் கண்ணுக்குத் தப்பிவிடும்.

ஒற்றை பாக்டீரியா உமிழும் ஒளி மிக மிக மங்கலானது. அதைப் பிடிக்க ஒளிப்பெருக்கிக் குழாய் போன்ற நுண்ணுணர்வுள்ள உணரி வேண்டும். சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கும் வீட்டுத் தூசி உணரிகள் சிதறும் ஒளியை மட்டும் பார்ப்பவை. வித்தும் சிமென்ட் தூசியும் அவற்றுக்கு ஒன்றுதான். அப்படி ஒரு உணரியைத் துணைக்கு அருகில் வையுங்கள், தவறில்லை. ஆனால் அதில் புற ஊதா எல்இடி ஒன்றைச் சேர்த்து உயிர்த்துகள் கருவி செய்துவிடலாம் என்ற எண்ணத்தில் முதல் ஆறு மாதத்தைச் செலவழிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

3. கருவிக்குள் ஒரு துகள் போகும் பாதை

விப்ஸ் கருவியை உருவாக்கியது இங்கிலாந்தின் ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் பல்கலைக்கழகத்தில் பால் கே தலைமையில் இயங்கிய குழு. பின்னர் டிராப்லெட் மெஷர்மென்ட் டெக்னாலஜீஸ் என்ற அமெரிக்க நிறுவனம் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது.

உள்ளே வரும் துகள் முதலில் 635 நானோமீட்டர் சிவப்பு லேசரைக் கடக்கிறது. சிதறும் ஒளியின் வலிமை துகளின் அளவைச் சொல்கிறது. முன்பக்கம் சிதறும் ஒளியை நான்கு பாகமாகப் பிரித்துப் பார்க்கும் உணரி வடிவத்தைச் சொல்கிறது: உருண்டையா, குச்சியா, நாரா என்று. உடனே ஒரு செனான் விளக்கு 280 நானோமீட்டரில் மின்னுகிறது. அடுத்த விளக்கு 370-இல் மின்னுகிறது. துகள் பதிலுக்குத் தரும் ஒளியை இரண்டு உணரிகள் வாங்குகின்றன. ஒன்று 310 முதல் 400 வரையும், மற்றொன்று 420 முதல் 650 வரையும் பார்க்கும்.

இரண்டு விளக்கு, இரண்டு உணரி என்றால் நான்கு அளவீடு வர வேண்டுமே என்று கேட்பீர்கள். 370 விளக்கின் சிதறல் ஒளியே முதல் உணரியின் எல்லைக்குள் விழுந்துவிடுவதால் அந்தச் சேர்க்கை பயன்படாது. மீதி மூன்றுதான் நம் மூன்று சேனல்கள். முதல் சேனல் பெரும்பாலும் டிரிப்டோஃபேன் பக்கம் சாயும். மூன்றாவது, என்ஏடிஎச், ரிபோஃப்ளேவின் பக்கம். இரண்டாவது, 280-இல் தூண்டப்பட்டு நீண்ட அலைநீளத்தில் வருவது.

யூவி-ஏபிஎஸ் என்ற மற்றொரு கருவியில் 355 நானோமீட்டர் லேசர் ஒன்றுதான் தூண்டும் ஒளி. டிரிப்டோஃபேன் அதற்குத் தெரியாது. ஆகவே இரண்டு கருவிகளின் எண்களை நேரடியாக அருகருகே வைத்து ஒப்பிடாதீர்கள். இப்போது சுவிட்சர்லாந்தின் வானிலைத் துறை மகரந்தம் எண்ணப் பயன்படுத்தும் சுவிசென்ஸ் பொலேனோ போன்ற கருவிகள் ஒளிர்வோடு துகளின் ஹோலோகிராம் படத்தையும் எடுக்கின்றன.

4. காற்றை உள்ளே கொண்டுவரும் குழாய்

புதியவர்கள் அதிகம் அலட்சியம் செய்யும் இடம் இதுதான். அதிகம் இழப்பதும் இங்கேதான். மொட்டை மாடியில் உறிஞ்சும் தலை, கீழே அறையில் கருவி, நடுவில் ஒரு குழாய். கடையில் கிடைக்கும் பிளாஸ்டிக் குழாயைச் செருகினால் அதன் நிலைமின்சாரம் துகள்களைச் சுவரோடு ஒட்டவைத்துவிடும். துருப்பிடிக்காத எஃகோ செம்போ பயன்படுத்துங்கள். அதைச் செங்குத்தாக இறக்குங்கள்.

ஏன் செங்குத்தாக? ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். குழாயின் உள்விட்டம் 4.5 மில்லிமீட்டர் என்றும், கருவி நிமிடத்துக்கு 2.4 லிட்டர் காற்று இழுக்கிறது என்றும் வையுங்கள். காற்று நொடிக்கு ஏறக்குறைய 2.5 மீட்டர் வேகத்தில் ஓடும். ஒரு மீட்டர் நீளத்தைக் கடக்க 0.4 நொடி. தண்ணீரின் அடர்த்தி கொண்ட 10 மைக்ரான் துகள் அசையாத காற்றில் நொடிக்கு 3 மில்லிமீட்டர் விழும். குழாய் கிடையாக இருந்தால் அந்த 0.4 நொடியில் அது 1.2 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிடும். ஒரு பகுதி தரையைத் தொடும், மீதி பிழைக்கும். 30 மைக்ரான் மகரந்தம் நொடிக்கு 27 மில்லிமீட்டர் விழும். 0.4 நொடியில் ஒரு சென்டிமீட்டருக்கு மேல். குழாயோ 4.5 மில்லிமீட்டர் அகலம்தான். ஒரு மீட்டர் கிடைக்குழாயில் அத்தனை மகரந்தமும் கீழே படிந்துவிடும். பிறகு "எங்கள் ஊரில் மகரந்தமே இல்லை" என்று அறிக்கை எழுதுவீர்கள்.

வளைவு தவிர்க்க முடியாதது என்றால் அகலமான, மெதுவான வளைவாக ஒன்று போதும். உறிஞ்சும் தலைக்கு மழைக்குடையும் பூச்சி வலையும் வேண்டும். வலையை வாரம் ஒருமுறை கழற்றிப் பாருங்கள். நம் ஊர்ச் சிலந்திகளுக்கு அந்த வாய் மிகவும் பிடித்த வீடு.

5. ஈரம்

சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் வேலை செய்பவர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். ஐரோப்பியக் கையேடுகள் இதற்கு அதிக இடம் தருவதில்லை. மழைக்காலத்தில் சென்னைக் காற்றின் பனிநிலை 24, 25 டிகிரியை ஒட்டி நிற்கும். அதாவது அதற்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோத்துக்கொள்ளும். கருவி இருக்கும் ஏசி அறையோ 22 டிகிரி. குழாய் அறைக்குள் நுழைந்த கணமே உட்சுவரில் வியர்க்கத் தொடங்கும். துளிகள் திரண்டு ஒருநாள் ஒளியியல் அறைக்குள் இறங்கினால் பழுதுபார்க்கும் செலவு உங்கள் ஆய்வுத் திட்டத்தையே நிறுத்திவிடும்.

இரண்டு காரியம் செய்யுங்கள். அறையை 27 டிகிரிக்குக் கீழே குளிரவிடாதீர்கள். கருவிக்கு அது போதும், உங்களுக்கு ஒரு மின்விசிறி போதும். குழாயின் நடுவே சிலிகா ஜெல் உலர்த்தி ஒன்றை நிறுத்துங்கள். உள்ளே கம்பிவலைக் குழாய், அதைச் சுற்றி ஜெல் மணிகள், காற்று நடுவில் நேராக ஓடும் அமைப்பு. மணிகள் நிறம் மாறியதும் எடுத்து அடுப்பில் உலர்த்தி மறுபடி போடுங்கள். உலர்த்திய காற்றில் வித்துகள் கொஞ்சம் சுருங்கும். ஆகவே நீங்கள் அளப்பது உலர்ந்த அளவு என்பதைக் குறிப்பேட்டில் எழுதிவையுங்கள்.

6. பூச்சியம் பார்த்தல், மணிகளால் சோதித்தல்

உறிஞ்சும் வாயில் நுண்துகள்களைத் தடுக்கும் ஹெப்பா வடிகட்டியைப் பொருத்தி அரைமணி நேரம் ஓடவிடுங்கள். எண்ணிக்கை பூச்சியத்தை ஒட்ட வேண்டும். ஒட்டவில்லையென்றால் எங்கோ கசிவு இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்காமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

பிறகு அளவு தெரிந்த பாலிஸ்டைரீன் மணிகள். 1, 2, 3 மைக்ரான் மணிகளை வடித்த நீரில் ஒரு துளி கலந்து நெபுலைசர் வழியே உலர்த்தி அனுப்புங்கள். திரையில் அந்தந்த அளவில் கூர்மையான முகடு எழ வேண்டும். சாயமேற்றிய ஒளிரும் மணிகளும் கிடைக்கும். அவற்றை மாதம் ஒருமுறை அனுப்பி, ஒளிர்வு அளவு போன மாதத்தைப் போலவே இருக்கிறதா என்று பாருங்கள். செனான் விளக்கு மெல்ல மெல்லத் தளர்வது இப்படித்தான் தெரியவரும். விளக்கு தளர்ந்ததை அறியாமல், ஊரில் வித்துகள் குறைந்துவிட்டன என்று எண்ணிக்கொள்வது எளிது.

7. வாசல் எங்கே?

முழு வேலையின் இதயம் இந்தப் படி. துகள் எதுவும் இல்லாதபோதும் விளக்கு மின்னினால் உணரியில் கொஞ்சம் வெளிச்சம் பதியும். அறைச் சுவர், கண்ணாடி, மின்னணு இரைச்சல் எல்லாம் சேர்ந்த பின்னணி அது. ஆகவே துகள் இல்லாமலே கருவியைக் கட்டாயமாக மின்னச் செய்து, அந்தப் பின்னணியைப் பதிவு செய்ய வேண்டும். இதை நாள்தோறும், குறைந்தது சில நூறு மின்னல்களுக்குச் செய்யுங்கள்.

அந்தப் பதிவின் சராசரியையும் திட்டவிலக்கத்தையும் (பதிவுகள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்ற அளவு) எடுங்கள். எடுத்துக்காட்டாக, முதல் சேனலில் சராசரி 40, திட்டவிலக்கம் 12 என்று வருகிறது. வழக்கமான முறைப்படி சராசரியோடு திட்டவிலக்கத்தின் மூன்று மடங்கைக் கூட்டினால் 76. இந்த எல்லையைத்தான் வாசல் என்கிறேன். அதற்கு மேல் ஒளிர்ந்த துகளை "ஒளிரும் துகள்" என்று எண்ணுகிறோம். 75 வந்தால் ஒளிராதது, 77 வந்தால் ஒளிர்வது. இயற்கையில் இப்படியொரு கோடு இல்லை. அதைப் போட்டது நாம். ஆகவே அது எங்கே போடப்பட்டது என்பதைச் சொல்லாத எண்ணுக்கு மதிப்பில்லை.

2017-இல் வெளியான ஒரு விரிவான ஆய்வு, உயிர்ப்பொருள்களும் அல்லாதவையுமாக ஏறக்குறைய 70 வகைத் தூள்களை விப்ஸ் வழியே அனுப்பிப் பார்த்தது. மூன்று மடங்கு வாசலில் புகைக்கரியும் சில தூசிகளும் ஒளிரும் துகள் கூட்டத்தில் நுழைந்துவிடுகின்றன. வாசலை ஒன்பது மடங்காக உயர்த்தினால் அவற்றில் பெரும்பகுதி வெளியே நின்றுவிடுகிறது. உயிர்த்துகள்களின் எண்ணிக்கையோ அதிகம் குறைவதில்லை. நம் கணக்கில் ஒன்பது மடங்கு என்றால் வாசல் 148.

என் அறிவுரை: இரண்டு வாசலிலும் கணக்கிடுங்கள். லாரிகளும் ஆட்டோக்களும் ஓடும் நகரத்தில், விறகடுப்புப் புகை எழும் ஊரில், ஒன்பது மடங்கை நம்புங்கள். இரண்டு எண்களுக்கும் நடுவே உள்ள இடைவெளி காலை எட்டு மணிக்கும் மாலை ஆறு மணிக்கும் விரிகிறது என்றால் அங்கே ஒளிர்வது பெரும்பாலும் புகை.

8. முதல் வாரம் எதையும் முடிவு செய்யாதீர்கள்

ஒரு விடுதிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் நாங்கள் கருவி வைத்திருந்தோம். தினமும் காலை பத்து மணிக்கு மேல் பெரிய துகள்கள் கூடத் தொடங்கும். 10 மைக்ரானுக்கு மேற்பட்டவை, மூன்றாம் சேனலில் பளிச்சென்று ஒளிர்பவை. ஒரு மணி வாக்கில் அடங்கிவிடும். வெயில் ஏறும்போது புற்கள் மகரந்தம் விடுகின்றன என்று நினைத்தோம். குறிப்பேட்டிலும் அப்படியே எழுதினோம். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மடங்கானது. புல்லுக்கு ஞாயிறு ஏது?

வடிவக் குறியீட்டை எடுத்துப் பார்த்தபோது அந்தத் துகள்கள் உருண்டையாக இல்லை, நாராக இருந்தன. மாடிக்கு ஏறிப் பார்த்தேன். காற்று வரும் திசையில், உறிஞ்சும் தலையிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடியில், கொடி. வேட்டிகளும் துண்டுகளும் போர்வைகளும் காய்ந்துகொண்டிருந்தன. ஒரு மாணவர் துண்டை இரு கையாலும் உதறிக் கொடியில் போட்டார்; வெயிலில் பஞ்சுத்தூள் மின்னிப் பறந்தது. துகள் ஒட்டுவதற்காக உறிஞ்சும் தலையருகே வைத்திருந்த, வாஸ்லைன் பூசிய கண்ணாடித் துண்டை அன்றிரவு புற ஊதா டார்ச்சில் பார்த்தோம். நீலம் பாய்ந்த வெண்மையில் மெல்லிய நார்கள், சில சுருண்டு, சில நேராக. அருகே மங்கலாக இரண்டே இரண்டு மகரந்தங்கள். கொடியை மாடியின் மறுகோடிக்கு மாற்றிக் கட்டினோம். பத்து மணி முகடு மறைந்துவிட்டது.

ஆகவே முதல் வாரம் கருவியை ஓடவிட்டு, சுற்றிலும் நடப்பதை மட்டும் எழுதுங்கள். பக்கத்து வீட்டில் ஊதுபத்தி, கொசுவர்த்திச் சுருள், குப்பை எரிப்பு, ஜெனரேட்டர், தோட்டத்தில் புல்வெட்டு, மாவு சலிப்பு. கருவியின் கடிகாரம் எந்த நேரக் கணக்கில் ஓடுகிறது என்பதையும் எழுதுங்கள். ஐந்தரை மணி நேரம் தவறிய தரவில் விடியற்காலை முகடு நள்ளிரவுக்குப் போய்விடும்.

தீபாவளி இரவைத் தனியாக வையுங்கள். விப்ஸ் உண்மையில் ஆராயும் காற்று நிமிடத்துக்கு 0.3 லிட்டர், அதாவது நொடிக்கு 5 கன சென்டிமீட்டர். ஒரு கன சென்டிமீட்டருக்கு 30 துகள் இருந்தால் நொடிக்கு 150 துகள் கதிரைக் கடக்கும். செனான் விளக்கு ஒருமுறை மின்னியபின் மறுபடி மின்னச் சில மில்லிநொடிகள் வேண்டும். அதற்குள் கடந்துபோகும் துகள்கள் எண்ணப்படும், ஆனால் ஒளிர்வு சோதிக்கப்படாது. கடந்தவை எத்தனை, மின்னலில் சிக்கியவை எத்தனை என்று கருவி தனித்தனியே பதிகிறது. அந்த விகிதத்தால் திருத்தாமல் அடர்புகை நாள்களின் எண்ணை வெளியே சொல்லாதீர்கள்.

9. எத்தனை நிமிடச் சராசரி?

ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.02 ஒளிரும் துகள் என்று வைத்துக்கொள்வோம். லிட்டருக்கு 20. நிமிடத்துக்கு 0.3 லிட்டர் ஆராய்ந்தால் நிமிடத்துக்கு 6 துகள். ஐந்து நிமிடத்தில் 30. எண்ணிக்கையின் வர்க்கமூலம்தான் அதன் இயல்பான தடுமாற்றம். 30-க்கு ஏறக்குறைய 5.5, அதாவது 18 சதவீதம். ஒரு மணி நேரம் சேர்த்தால் 360 துகள், தடுமாற்றம் 5 சதவீதம். ஒரு நிமிட வரைபடத்தில் தெரியும் ஏற்ற இறக்கத்துக்கு விளக்கம் தேடி இரவெல்லாம் விழித்திருக்க வேண்டாம்.

மகரந்தத்துக்கு நிலைமை இன்னும் கடினம். கன மீட்டருக்கு 100 மகரந்தம் என்பது ஒவ்வாமை நோயாளிகள் உணரும் அளவு. இந்தக் கருவி அதில் ஒன்றைச் சந்திக்கவே அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். மகரந்தம்தான் உங்கள் கேள்வி என்றால், அதிகக் காற்றை இழுத்துச் செறிவாக்கும் மகரந்தக் கருவியையோ, 1952-இல் ஹர்ஸ்ட் வடிவமைத்த, நிமிடத்துக்கு 10 லிட்டர் இழுக்கும் ஒட்டுநாடாப் பொறியையோ நாடுங்கள்.

10. ஏ, பி, சி

மூன்று சேனல்களில் எது எது வாசலைத் தாண்டியது என்பதை வைத்துத் துகள்களை ஏழு வகையாகப் பிரிப்பது வழக்கம்: முதல் சேனல் மட்டும் என்றால் ஏ, இரண்டாவது மட்டும் பி, மூன்றாவது மட்டும் சி, பின்னர் ஏபி, ஏசி, பிசி, ஏபிசி. ஆய்வகத்தில் வளர்த்த மாதிரிகளில் பாக்டீரியா பெரும்பாலும் சிறிய ஏ வகையாகவும், பூஞ்சை வித்துகள் சற்றுப் பெரிய ஏ, ஏபி வகையாகவும், மகரந்தத் துணுக்குகள் பிசி, ஏபிசி வகையாகவும் விழுகின்றன. இதை வழித்துணையாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். வெளிக்காற்றில் வயதான வித்தும், தூசியில் ஒட்டிய பாக்டீரியாவும், ஈரமான துணுக்கும் வகை மாறி விழும். இறந்த உயிரணுவும் ஒளிரும். உயிரோடு இருக்கிறதா என்ற கேள்விக்கு இந்தக் கருவியில் பதில் இல்லை.

11. இன்னொரு சாட்சி

ஒளிர்வு ஒரு சாட்சி. வழக்கு நிற்க இன்னொன்று வேண்டும். மிக எளியது, வாஸ்லைன் மெல்லப் பூசிய கண்ணாடித் துண்டை உறிஞ்சும் தலையருகே 24 மணி நேரம் வைத்து நுண்ணோக்கியில் பார்ப்பது. வித்துகளின் தடுப்புச் சுவர்களும் மகரந்தத்தின் துளைகளும் அதிலேயே தெரியும். உருளைக்கிழங்கு அகார் தட்டை அரை மணி நேரம் திறந்து வைத்தால் வளரக்கூடிய பூஞ்சைகள் மூன்று நான்கு நாளில் முகம் காட்டும். வசதி இருந்தால் வடிதாளில் சேர்த்து டிஎன்ஏ ஆய்வு, எலக்ட்ரான் நுண்ணோக்கி.

இதை நன்றாகச் செய்த ஓர் ஆய்வு நமக்கு அருகிலேயே இருக்கிறது. சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் பங்கேற்ற குழு ஒன்று மூணாறில், ஏறக்குறைய 1600 மீட்டர் உயரத்தில், 2014-இன் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் யூவி-ஏபிஎஸ் கருவியை ஓடவிட்டது. ஜூன் தொடக்கம் முதல் ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை. ஒரு மைக்ரானுக்கு மேற்பட்ட ஒளிரும் துகள்கள் சராசரியாக ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.02, அதே அளவுள்ள மொத்தத் துகள்களில் ஏறக்குறைய 2 சதவீதம். அளவு முகடு 3 மைக்ரானில் எழுந்தது. அது பூஞ்சை வித்து என்று அவர்கள் சொன்னது முகட்டை மட்டும் வைத்து அல்ல. எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் வித்துகளைக் கண்ட பிறகு.

அந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் பகுதி மழை. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்துப் பைன் காட்டில் நடந்த அளவீட்டில் மழையின்போதும் மழைக்குப் பின்னும் உயிர்த்துகள்கள் பெருகியதைக் கண்டார்கள். 2013-இல் அது வெளியானது. மழைத்துளி இலையில் விழும்போது வித்துகள் தெறிக்கும், ஈரம் ஏறும்போது சில பூஞ்சைகள் வித்துகளை எய்யும். கேட்பதற்குப் பொருத்தமாக இருக்கிறது. மூணாறில் அப்படி மழையோடு கூடவே ஏறவில்லை. கடலிலிருந்து மேற்கு, தென்மேற்குக் காற்று வீசி அடைமழை பெய்த நாள்களில் ஒளிரும் துகள்கள் 0.005 வரை இறங்கின. இரவு பகல் வேறுபாடும் இல்லை. வடக்குக் காற்று வீசி மழை விட்டுவிட்டுப் பெய்த நாள்களில் 0.05 வரை ஏறின, பத்து மடங்கு. கோடை இடிமழை வறண்ட காட்டில் விழுவதும், நாள்கணக்கில் ஓயாத பருவமழை ஏற்கெனவே கழுவிவிட்ட காற்றில் விழுவதும் ஒன்றல்ல. வேறு நாட்டில் கண்ட விதியை நம் மழைக்குப் பொருத்தும் முன் காற்றுத் திசைமானியும் மழைமானியும் கருவிக்குப் பக்கத்திலேயே வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

12. எழுதும்போது

வரைபடத்தின் தலைப்பில் "பாக்டீரியா" என்று போடாதீர்கள். "ஒளிரும் துகள்கள்" என்று போடுங்கள். ஒரு முழுமையான முடிவு இப்படி இருக்கும்: "1 முதல் 20 மைக்ரான் வரை, ஒன்பது மடங்குத் திட்டவிலக்க வாசலில், ஒரு மணிச் சராசரியாக, உலர்த்திய காற்றில், ஒரு லிட்டருக்கு இத்தனை ஒளிரும் துகள்கள். அதிகாலை முகட்டில் 3 மைக்ரான் துகள்கள் மிகுந்திருந்தன. அதே நேரக் கண்ணாடித் துண்டுகளில் பூஞ்சை வித்துகள் காணப்பட்டன." நீளமான வாக்கியம்தான். ஒரு சொல்லையும் சுருக்க வேண்டாம்.

அன்றன்றைய பின்னணிப் பதிவுக் கோப்பை அன்றைய தரவோடு ஒரே கோப்புறையில் சேமியுங்கள். ஹெப்பா சோதனை, மணிகள் சோதனை, விளக்கு மாற்றிய நாள், மாடியில் கொடி இருந்த இடம் எல்லாவற்றையும் குறிப்பேட்டின் முதல் பக்கங்களில் எழுதி, குறிப்பேட்டைக் கருவியின் மேலேயே வையுங்கள். இரண்டு ஆண்டு கழித்து உங்கள் இடத்துக்கு வருபவர் அந்தப் பக்கங்களைத்தான் முதலில் தேடுவார்.